கத்திரி வெயிலில் கரிசல் யாத்திரை

ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பருவம் பார்த்துக் கிளம்புவது உலக வழக்கம். குற்றாலத்துக்குச் சாரல், கொடைக்கானலுக்குக் கோடை. கரிசல் சீமைக்கோ கார்த்திகை, மார்கழிதான் பருவம். புரட்டாசியில் விதைத்த மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் செழித்து நிற்கும் காலம் அது. நாம் அதை விட்டு, வேண்டுமென்றே அக்கினி நட்சத்திரத்தில், ஒரு மோட்டார் சைக்கிளும் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளுமே துணையாக, நாகலாபுரத்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டோம்.

"இந்த வெயிலில் யாராவது ஊர் சுற்றுவார்களா, தம்பி? கார்த்திகையில் வந்திருந்தால் காடெல்லாம் பச்சையாகக் கிடந்திருக்குமே!" என்று அங்கலாய்த்தார் தேநீர்க் கடைக்காரர்.

"பச்சையை எல்லோருந்தான் பார்க்கிறார்கள், அண்ணாச்சி, நாம் மண்ணைப் பார்க்க வந்தோம்" என்றோம்.

"அப்படியானால் வெடிப்பில் காலை விட்டுவிடாமல் பாரும்!" என்றார் அவர்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அன்று. மழையில் சக்கரத்தை விடாமல் பற்றிக்கொள்ளும் இந்தக் கரிசல், ஈரம் வற்றியதும் சுருங்கிப் பாளம் பாளமாய் வெடித்து விடுகிறது. பயிரும் புல்லும் மறைத்திருந்ததையெல்லாம் கோடை திறந்து காட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையாய் நிற்பது சீமைக் கருவேலம் ஒன்றே. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது, காடு கைவிட்ட மாதங்களில் பலருக்குச் சோறு போடுகிறது.

நாகலாபுரம் பழைய பாளையப்பட்டு. கட்டபொம்மனின் காரியஸ்தரான சிவசுப்பிரமணிய பிள்ளையை 1799-ஆம் ஆண்டு செப்டம்பரில் கும்பினியார் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அவர் தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைத்தார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் தினமும் ஜனங்கள் நடக்கும் ஊர் இது. தெரிந்துகொண்டு நடக்கையில் ஊரின் முகமே வேறாகத் தோன்றுகிறது.

தென்மேற்கே எட்டயபுரம். 1882 டிசம்பர் 11-ஆம் தேதி பாரதியார் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. கல்கியின் பெருமுயற்சியால் ஜனங்கள் அளித்த பணத்தில் எழும்பி 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இருக்கிறது. இவற்றைக் காண்பவர்கள் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சமாதியையும் காணாமல் திரும்பக் கூடாது. 1835-இல் அவர் மறைந்த ஊர் இது. வறண்ட இந்தச் சீமையைக் கண்டு மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி ராகம் பாடி அவர் மழை வருவித்தார் என்பது கர்ண பரம்பரை. கார்த்திகையில் கேட்டால் அது கதை. கத்திரி வெயிலில் கேட்டால் அது பிரார்த்தனை.

அங்கிருந்து தெற்கே பாஞ்சாலங்குறிச்சி. இப்போது நிற்கும் நினைவுக் கோட்டை 1974-இல் கட்டப்பட்டது. பழைய கோட்டையோ மண்கோட்டை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, இடிந்து கிடந்த அதைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பினார். மார்ச்சுக் கடைசியில் பாய்ந்த கும்பினிப் படை தோற்றுப் பின்வாங்கிற்று. பெரும் பீரங்கிகளைக் கொண்டுவந்த பிறகே, மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. அதாவது, இதே அக்கினி நட்சத்திர வெயிலில்! நிழலில் நின்றே நாக்கு வறளும் வேளையில், இந்தப் பொட்டலில் நின்று போரிட்டவர்களை நினைத்துப் பார்த்தோம். பிறகு கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். உழுதால் முளைக்கும் என்பது கரிசல் சம்சாரிக்குத் தெரியும், கும்பினியாருக்குத் தெரியவில்லை.

தென்மேற்கில் வல்லநாட்டு மலை. 1987 முதல் இது வெளிமான் சரணாலயம். பரப்பு பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடங்களில் ஒன்று. புல் காய்ந்து குட்டையாகும் கோடையில்தான் மான்கள் நன்றாகக் கண்ணில் படும். முறுக்கிய கொம்புடன் ஒரு கருத்த கலைமான் அசையாமல் நின்றது. அதைச் சுற்றி மங்கிய பழுப்பு நிறப் பெண்மான்கள் மேய்ந்தன. பெருமழையை நம்பாமல், பஞ்சத்தோடு சமாதானம் செய்துகொண்டு வாழக் கற்ற ஜீவன்கள்!

வடக்கே திரும்பினால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். பெருஞ்சாலையில் பறக்கும் வண்டிகள் நிற்பதில்லை. நாம் சிலைமுன் சிறிது நேரம் நின்று மேலே சென்றோம்.

கடைசியாகக் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலின் சிகரம் முழுமை பெற்றிருக்கிறது. அடிப்பாகம் பாறையாகவே நின்றுவிட்டது. அருகே பாறையில் சமண உருவங்கள் வரிசை வரிசையாய் அமைதியுடன் வீற்றிருக்கின்றன. பாறை சுடுமுன் காலையிலேயே ஏறிவிடுவது உத்தமம்.

பசுமை இல்லாத மாதத்தில் ஒரு சீமையைப் பார்ப்பது, வீட்டில் விசேஷமில்லாத நாளில் உறவினரைப் பார்ப்பது போன்றது. தோரணமும் விருந்தும் இரா; உண்மை நிலை தெரியும். ஆண்டில் பாதி நாள் வானம் பார்த்திருக்கும் இந்த மண்ணை, அது காத்திருக்கும் நாளிலேயே ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீர் மட்டும் தாராளமாய் எடுத்துச் செல்லுங்கள்.