மேற்பிரிவுக்கு ஏறிய கழகம்

புதிதாக மேற்பிரிவுக்கு உயர்த்தப்பட்ட உதைபந்தாட்டக் கழகமொன்றின் வரும் பருவம் எவ்வாறு அமையும் எனக் கூறப் புகுவது சோதிடத்துக்கு அயலதான ஒரு தொழில். சோதிடருக்குள்ள வசதி கூட இங்கு இல்லை. சாதகம் பார்த்துச் சொன்னது பலிக்காவிடின் கிரகங்களின் மேற் பழியைப் போடலாம். கழகத்தைக் கணித்தவரின் கூற்றோ ஒன்பது மாதங்களின் பின்னர்ப் புள்ளிப்பட்டியலாக அச்சேறி வந்து அவரை நோக்கி நகைக்கும். இருந்தும் இத்தொழிலை ஊதியமின்றி, மிகுந்த விருப்பத்தோடு, நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்ட நடத்தி வருபவர் ஒருவர் மாத்தளையில் உளர். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். இளமையிற் பந்துக்காப்பாளராக ஆடியவர். ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் மேற்பிரிவுக்கு ஏறி வந்த மூன்று கழகங்களின் பெயர்களையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி, அவற்றின் எதிரே தமது கணிப்பைக் குறித்து வைப்பார். அடுத்த மே மாதத்தில் அதே பக்கத்தைத் திறந்து சிவப்பு மையினாற் சரியும் பிழையும் இடுவார். பிறர் விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய கை, தன் விடைத்தாளுக்கும் சலுகை காட்டுவதில்லை.

அங்குள்ள முறை எளியது. மேற்பிரிவில் இருபது கழகங்கள். பருவ முடிவிற் கடைசி மூன்றும் இறங்க, கீழ்ப்பிரிவிலிருந்து மூன்று ஏறும். ஏறிய கழகத்தின் இடர் ஏறிய கணத்திலேயே தொடங்கிவிடுகின்றது. தன்னை மேலே கொண்டுவந்த ஆட்டக்காரர் மேற்பிரிவுக்குப் போதியவர் அல்லர் என்பதை நிருவாகம் அறியும். அவர்களை விலக்கிப் புதியவர்களை வாங்கினால், வெற்றிக்குக் காரணமாயிருந்த ஒருமைப்பாடு குலையும். வாங்காதுவிடின் வலிமை போதாது. பணமும் இவ்வாறே இருபுறம் வெட்டுவது. மேற்பிரிவின் வருவாயை நம்பிச் செலவிட்ட கழகம் இறங்க நேர்ந்தால், செலவு மேலே நிற்க வரவு மட்டும் கீழே வரும்.

அண்மைக் காலத்தில் இவ்விடர் முன்னெக்காலத்திலும் பார்க்க மிகுந்துள்ளது. 2023-24 பருவத்தில் ஏறிய பேர்ன்லி, ஷெபீல்ட் யுனைட்டட், லூட்டன் ஆகிய மூன்றும் அதே பருவத்தில் இறங்கின. ஷெபீல்ட் யுனைட்டட் 38 ஆட்டங்களில் 104 கோல்களை வாங்கிக்கொண்டது. மறு பருவத்தில் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்ஹம்டன் ஆகிய மூன்றுக்கும் அதே கதி. சவுத்ஹம்டன் பெற்ற புள்ளிகள் மொத்தம் 12. இன்னும் ஏழு ஆட்டங்கள் எஞ்சியிருக்கையிலேயே அதன் இறக்கம் முடிவாகிவிட்டது. ஆசிரியரின் கொப்பியில் அவ்விரு பக்கங்களும் சிவந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மூவரிலும் ஒருவரேனும் பிழைப்பர் என அவர் எழுதியிருந்தார்.

இத்தகைய நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என வினவினால், விடை 1977 ஆம் ஆண்டிலிருந்து புறப்படும். அவ்வாண்டு நொட்டிங்ஹம் பொரஸ்ட் கழகம் மூன்றாவது இடத்தைப் பெற்று, மயிரிழையில் மேலேறியது. 1978 இல் இங்கிலாந்தின் சம்பியன். 1979 இலும் 1980 இலும் ஐரோப்பியக் கிண்ணம். பயிற்றுநர் பிறையன் கிளவ்வின் பெருமையாகவே உலகம் இதனைப் பேசும். ஆசிரியர் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஏறிய பருவத்தின் தொடக்கத்திலேயே அக்கழகம் பீற்றர் ஷில்டன் என்னும் பந்துக்காப்பாளரை வாங்கியது என்பதும், 42 ஆட்டங்களில் 24 கோல்களே விட்டுக்கொடுக்கப்பட்டன என்பதும் அவருடைய வாதம். பந்துக்காப்பாளராய் இருந்தவரிடம் வேறு வாதத்தை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஜேர்மனியிலும் 1997 இல் ஏறிய கைசர்ஸ்லோட்டர்ன் கழகம், ஓட்டோ ரெஹாகலின் பயிற்சியில் முதலாட்டத்திலேயே மியூனிக்கில் பயர்ன் கழகத்தை வென்று, 1998 இற் சம்பியனாகியது. இவை இரண்டும் விதிவிலக்குகள். விதிவிலக்கை மனத்திற் கொண்டு விதியைக் கணிப்பது ஆசிரியரின் பலவீனம் என்று சொல்லலாம். ஆட்டத்தை நேசிப்பவர் யாவருக்கும் அப்பலவீனம் உண்டு.

இந்தியாவின் அனுபவம் வேறுவகையானது. ஐ லீக் போட்டியில் வென்று இந்தியன் சுப்பர் லீக்கிற்கு முதன்முதலாக உயர்ந்த பஞ்சாப் கழகம் 2023-24 இற் பன்னிரண்டு கழகங்களுள் எட்டாவதாக வந்து மானத்தைக் காத்துக்கொண்டது. மறு ஆண்டு ஏறிய கல்கத்தாவின் மொகமதான் ஸ்போட்டிங், 1891 இல் தோன்றிய பெருமைமிகு கழகம். பதின்மூன்று கழகங்களுள் அதற்குக் கடைசி இடமே கிடைத்தது. பழம்பெருமை பந்தை உதைப்பதில்லை. தமிழ்நாட்டின் சென்னை சிற்றி கழகத்தின் கதை இவற்றினும் துயரமானது. 2017 இல் ஐ லீக்கில் நேரடியாக இடம்பெற்ற அக்கழகம் முதலிரு பருவங்களிலும் பட்டியலின் அடிப்பகுதியிற் கிடந்தது. பின்னர், கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தன் வீடாகக் கொண்டு, ஸ்பானிய ஆட்டக்காரர் சிலரின் துணையோடு 2018-19 இற் சம்பியனாகியது. ஏறியவர் நிலைப்பர் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூற வாயெடுப்பதற்குள், 2020-21 இன் பின்னர் அக்கழகமே அப்போட்டியிற் காணப்படவில்லை. ஆடுகளத்தில் வீழ்ந்து இறங்கிய கழகத்துக்கு மறுபடி ஏறும் வழியொன்று இருக்கும். அலுவலக மேசையில் மறைந்த கழகத்துக்கு அவ்வழி எளிதாகக் கிடைப்பதில்லை.

இவையனைத்தும் பொழுதுபோக்காக இருந்தவரை ஆசிரியருக்குக் கவலையில்லை. கணிப்புத் தவறினால் கொப்பி சிவக்கும், அவ்வளவே. ஆனால் இரத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து தந்தை ஒருவர் தம் மகனோடு அவரை நாடி வந்தபோது, கணிப்புக்கு ஒரு குடும்பத்தின் விலை ஏற்பட்டுவிட்டது. பையன் ஆசிரியரிடம் ஆட்டம் பயின்றவன். பின்வரிசையின் நடுவில் நின்று ஆடுபவன். உயர்தரப் பரீட்சைக்கு ஓராண்டு இருந்தது. கரையோர நகரொன்றைச் சேர்ந்த, அண்மையில் மேற்பிரிவுக்கு உயர்ந்த கழகமொன்று அவனை வருமாறு அழைத்திருந்தது. தங்குமிடமும் உணவும் மாதாந்தம் ஒரு தொகையும் தருவதாகச் சொல். அத்தொகை தாயும் தந்தையும் கொழுந்தாலும் மலைவேலையாலும் பெறும் நாட்சம்பளத்தோடு ஒப்பிடுகையிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

“மாஸ்டர், நமக்குப் பந்து தெரியாது. அந்தக் கிளப்பு நிலைச்சு நிக்குமா, அத மட்டும் சொல்லுங்க,” என்றார் தந்தை.

பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் எத்தனையோ கட்டுரைகள் எழுப்பும் வினா இதுதான். ஆனால் ஒருவருடைய சோற்றோடு ஒட்டிய வினாவாக அது அங்கெல்லாம் எழுவதில்லை.

மாத்தளை மாவட்டத்தின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். இம்மாவட்டத்திற்குச் சர்வதேசத் தரமான மைதானம் இல்லையென எவரும் முறையிட முடியாது. 2000 ஆம் ஆண்டில், 167 நாட்களில், தம்புள்ளையில் எழுப்பப்பட்ட ரங்கிரி மைதானம் உலகறிந்தது. ஆனால் அது கிரிக்கெட்டுக்குரியது. உதைபந்தாட்டத்துக்கு மாத்தளை நகரின் பேர்னாட் அலுவிகார மைதானமும், பாடசாலை மைதானங்களும், தோட்டங்களில் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்ய முயன்று பாதியில் விடப்பட்ட நிலங்களுமே உள. அந்நிலங்களில் ஒருபுறக் கோலுக்கும் மறுபுறக் கோலுக்கும் ஆளுயர வேறுபாடு இருப்பதுண்டு. இடைவேளையின் பின்னர்ப் பக்கம் மாறும் விதி எத்துணை நீதியானது என்பதை அறிய அங்கே ஒருமுறை ஆடிப்பார்க்க வேண்டும். தைப்பொங்கலையும் தீபாவளியையும் ஒட்டித் தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளில், அச்சரிவிலே காலூன்றி நிற்கப் பழகிய பின்வரிசைக்காரனைச் சமதரையில் வீழ்த்துவது எளிதன்று. பன்னாமம் எனப் பழந்தலைமுறை வழங்கிய இம்மாத்தளைக்கு, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கால்வலிமை புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதன்று. கற்பிக்க வேண்டியவை வேறு. அவற்றுக்குப் பயிற்றுநரும் பந்தும் சப்பாத்தும் வேண்டும்.

இலங்கையில் மேற்பிரிவு என்பதன் பொருளும் இங்கிலாந்திற் போன்றதன்று. 1995 இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற நாடு, கழகங்களுக்கான தொழின்முறை சுப்பர் லீக்கைத் தொடங்க 2021 வரை காத்திருந்தது. அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் மூன்று முப்படையினருடையவை. கொழும்பினவும் மேற்குக் கரையினவும் ஏனையவற்றுட் பெரும்பாலானவை. மலைநாட்டிலிருந்து வந்தது ஒன்றே: நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். வடக்குக்கும் கிழக்குக்கும் அதுவும் இல்லை. முதற் பருவத்திற் களுத்துறையின் புளூ ஸ்ரார் சம்பியனாகியது. அதன் பயனாக ஆசியக் கிண்ணப் போட்டிக்குச் சென்று, நேபாளக் கழகத்தை வென்றபின், 2022 ஏப்ரலில் கல்கத்தாவில் மோகன் பகானிடம் ஐந்து கோல்களால் தோற்றது. ஓர் ஏணியின் உச்சி வேறோர் ஏணியின் அடியாக இருத்தலை அந்த ஆட்டம் காட்டியது.

அதற்கடுத்த ஆண்டு நேர்ந்தது இன்னும் கொடிது. நிருவாகத் தேர்தல் பற்றிய பிணக்கின் பின்னணியில், 2023 ஜனவரி 21 இல் பீபா நிறுவனம் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் 28 இலேயே தடை நீங்கியது. ஏழு மாதங்களுக்கு மேலாக இலங்கைக் கழகங்களுக்கும் தேசிய அணிக்கும் வெளிநாட்டுக் களங்கள் மூடப்பட்டிருந்தன. லூட்டன் இறங்குமா இறங்காதா எனக் கணிப்பவர், போட்டி நடைபெறுமா என்று கேட்பதில்லை. சூரியன் உதிப்பது போல அது நடைபெறும். இந்நாட்டிற் கணிப்பவர் முதலில் அதனையே கேட்டாக வேண்டும். படைக் கழகங்களில் ஆடும் இளைஞனுக்குப் பருவம் நடந்தாலும் நடவாவிட்டாலும் சம்பளம் உண்டு, பிற்காலத்தில் ஓய்வூதியமும் உண்டு. ஊர்க் கழகத்து ஆட்டக்காரனுக்குப் பருவம் நின்றால் வாழ்வும் நிற்கும். திறமையுள்ள வெளியூர்ப் பையன்கள் பலர் படைகளை நாடுவதன் காரணம் நாட்டுப்பற்று மட்டுமன்று.

ஆசிரியர் தந்தைக்கு உடனே விடை கூறவில்லை. இரு கிழமைகள் அவகாசம் பெற்று, கொழும்பிலுள்ள பழைய நண்பர்களைத் தொலைபேசியில் விசாரித்தார். முதலில் விசாரித்தது பந்துக்காப்பாளரைப் பற்றியே என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நல்லவர் என விடை வந்தது. கழகத்தை மேலேற்றிய பயிற்றுநர் தொடர்ந்து இருப்பார் என்பதும் உறுதியாயிற்று. பயிற்சிக்கு நகரசபை மைதானம் கிழமைக்கு மூன்று நாட்கள் கிடைக்கும். ஆனால் கழகத்தின் செலவு முழுவதும் ஒரே வணிகரின் கையிலிருந்து வருவதாகவும், வேறு ஆதரவாளர் இல்லையெனவும் அறிந்தார். ஆபிரிக்க நாடுகளிலிருந்து ஆட்டக்காரரை வரவழைப்பது இலங்கைக் கழகங்களின் வழக்கங்களுள் ஒன்று. இக்கழகமும் பின்வரிசைக்கு ஒருவரை அழைக்கவிருந்தது.

இந்த இடத்திலேதான் ஆசிரியரின் நாற்பதாண்டுக் கணிப்பு முறையில் ஒரு குறை வெளிப்பட்டது. கழகம் நிலைக்குமா என்று மட்டுமே அவருடைய கொப்பி கேட்டு வந்தது. நிலைத்த கழகத்தில் யார் நிலைத்தார் என அது ஒருபோதும் கேட்கவில்லை. ஏறிய கழகம் பிழைக்க வேண்டுமாயின் முதலிற் செய்வது அனுபவமற்ற பின்வரிசைக்காரனை வாங்கில் இருத்துவது. ஆகவே கழகத்துக்கு எது நல்ல வாய்ப்போ அதுவே பையனுக்குத் தீய வாய்ப்பாக அமையக்கூடும். கழகம் பட்டியலின் நடுவுக்குச் சற்றுக் கீழே தங்கிப் பிழைக்கும் என்பது அவர் முடிவு. பையன் ஆடப்போவது ஐந்தாறு ஆட்டங்களே என்பதும் அவர் முடிவு. இரண்டையும் அவர் தந்தையிடம் கூறினார்.

“சேர், லூட்டன்ல எம்பன்ஸு ஆடலையா?” என்று பையன் இடைமறித்தான். பெலி ரடொக் எம்பன்ஸு, இங்கிலாந்தின் ஐந்தாம் படியில் லூட்டன் இருந்தபோது அதிற் சேர்ந்து, ஒரே கழகத்தோடு ஒவ்வொரு படியாக ஏறி 2023 இல் மேற்பிரிவில் ஆடியவர். அவ்வாறு ஏறிய முதல் ஆட்டக்காரர். கொப்பியைப் பையனும் பார்த்திருக்கிறான் போலும். ஆசிரியர் மறுக்கவில்லை. அந்த ஏற்றத்திற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் சென்றன என்பதையும், அப்பத்து ஆண்டுகளிலும் அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது என்பதையும் மட்டும் எடுத்துரைத்தார். பின்னர், வாய்ச்சொல்லை நம்பாது எழுத்தில் உடன்படிக்கை கேட்குமாறும், பருவம் இடையில் நின்றால் மாதத் தொகை தொடருமா என அதிற் குறிப்பிடச் செய்யுமாறும், காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது என வினவுமாறும் தந்தைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

உடன்படிக்கையின் பிரதி ஒரு மாதத்தின் பின் தபாலில் வந்தது. மருத்துவச் செலவு கழகத்தினுடையது என்றிருந்தது. மாதத் தொகை பருவகாலத்துக்கு மட்டுமே உரியது என்றிருந்தது. பருவகாலம் தொடங்கும் திகதிக்கும் முடியும் திகதிக்கும் உரிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. தந்தை கையொப்பமிடவில்லை, மறுத்து எழுதவுமில்லை. பையன் மாலைகளில் மாத்தளைக்கு வந்து பயிற்சி செய்கிறான். இரவில் உயர்தரப் பாடங்களைப் படிக்கிறான் என்று தாய் சொல்கிறார்.