ஒரு வாளித் தண்ணீர்



இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சின்னஞ்சிறு பிள்ளைகளை மலஜலம் கழிக்கப் பழக்குவது பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதா என்று நானும் பலநாள் தயங்கியவள்தான். உங்கள் நபி இதைக்கூடவா உங்களுக்குக் கற்றுத் தருகிறார் என்று ஒருவர் ஏளனமாகக் கேட்டபோது, சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் கூச்சமின்றி ஆம் என்று சொல்லி அதன் ஒழுங்குகளை எடுத்துரைத்தார்கள். அச்செய்தியை மதரஸாவில் ஆண்டுதோறும் பாடமாக நடத்தும் எனக்கு, என் வீட்டில் நடந்ததைச் சொல்ல மட்டும் வெட்கம் எதற்கு என்று பிறகு தோன்றியது. பிள்ளைகள் இருவரும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அனுமதி கேட்டேன். மகள் சிரித்தாள். மகன், "என் பேரைப் போட்டீங்கன்னா பேசமாட்டேன்" என்றான். ஆகவே பெயர்கள் இல்லை.

2011ஆம் ஆண்டு. கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம். மகனுக்கு மூன்று வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. மகளுக்கு ஒன்றரை வயது. இடைவெளி பதினேழே மாதங்கள். மாலையில் மதரஸாவில் சிறுவர் சிறுமியருக்கு ஓதிக்கொடுப்பேன். பகல் முழுவதும் துணி துவைப்பேன். வேறு என்ன சொல்ல?

சமவெளியில் வாழும் சகோதரிகளுக்கு இந்தத் துயரம் எளிதில் விளங்காது. வத்தலக்குண்டில் காலையில் அலசிப் போட்ட துணி லுஹருக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஏழாயிரம் அடி உயரத்தில், ஐப்பசி அடைமழையில், மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும்போது, ஒரு கால்சட்டை காய மூன்று நாள் ஆகும். குளிரில் பிள்ளைகளுக்கு வியர்வை இல்லை. எனவே சிறுநீர் அதிகம். ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பத்து உருப்படி என்றால் இருவருக்கு இருபது. கரி அடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணிகளைப் பரப்பிக் காயவைப்பேன். வீடெங்கும் புகையும் ஈர வாடையும். கடையில் டயப்பர் கிடைத்தது. எங்கள் வருமானத்துக்கு அது பயணத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும்தான்.

தொழுகைதான் எனக்குப் பெரும் கவலையாயிற்று. பால் மட்டுமே அருந்தும் ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்ததாக ஹதீஸில் வருவதை அறிவீர்கள். சோறு உண்ணத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் ஹனஃபி மத்ஹபிலோ பால் குடிக்கும் பிள்ளைக்கும் கழுவுதல்தான். வீட்டில் எந்த மூலை சுத்தம், எது அசுத்தம் என்று புரியாமல் தக்பீர் கட்டி நின்று மனம் குழம்பியிருக்கிறேன். கடைசியில் ஒரு முழு உடையையும் தொழுகை விரிப்பையும் அலமாரியில் பூட்டிவைத்து, தொழுகைக்கு மட்டும் எடுத்து உடுத்தத் தொடங்கிய பிறகே நிம்மதி வந்தது. சிறு பிள்ளைகள் உள்ள சகோதரிகளுக்கு இந்த ஒரு யோசனையேனும் உதவட்டும்.

அடுத்த ஜூனில் மகனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கால்சட்டையை நனைக்கும் பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சரி, இருவரையும் ஒன்றாகவே பழக்கிவிடுவோம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன். பி.ஏ. படித்தவளாயிற்றே, திட்டம் தீட்டுவதில் குறைவில்லை. குழந்தைகள் உட்காருவதற்கான பிளாஸ்டிக் இருக்கைகள் இரண்டு வாங்கினேன். நீலம் அவனுக்கு, சிவப்பு இவளுக்கு. ஒரு மணிக்கு ஒருமுறை இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்துவது என் ஏற்பாடு.

மகன் அந்த நீல இருக்கையைப் பேருந்தாக்கிக் கொண்டான். "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கூவியபடி அதை வீடெங்கும் தள்ளிக்கொண்டு போவான். பெருமாள்மலையில் நிறுத்தம் உண்டு. ஆனால் அதில் உட்காரமாட்டான். மகளோ மூன்றாம் நாளே உட்கார்ந்தாள். இரண்டு வாரத்தில், "உச்சா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் அமரும் அளவுக்குத் தேறிவிட்டாள். பொதுவாகப் பெண் குழந்தைகள் இதில் சற்று முந்துவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் செய்த தவறு இங்கேதான் தொடங்குகிறது.

"தங்கச்சியைப் பாரு. உன்னைவிடச் சின்னவ. அவளுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?" ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைச் சொன்னேன் என்பதை அல்லாஹ் அறிவான். அவள் வெற்றியோடு எழுந்தால் கைதட்டுவேன். அவன் நனைத்தால் உதட்டைச் சுழிப்பேன். வீட்டுக்கு வரும் பெண்களிடம் அவன் எதிரிலேயே சொல்லிச் சிரித்ததும் உண்டு. ஒருநாள் அவள் கீழே இறங்கி நின்று, என் குரலிலேயே, "அண்ணே ச்சீ" என்றாள். அவன் ஒன்றும் பேசாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அதன்பின் அவன் மலம் கழிப்பதையே நிறுத்திவிட்டான். முதலில் ஒருநாள், பிறகு மூன்று நாள், பிறகு ஐந்து நாள். வரும்போதெல்லாம் கால்களைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்து, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்றே நான் நினைத்தேன்; அவனோ அடக்கிக்கொண்டிருந்தான். ஆறாம் நாள் வெளிவந்தபோது அலறினான். அதில் இரத்தம் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் இன்னொரு வேடிக்கை. கால்சட்டையில் சிறிது சிறிதாகக் கசியத் தொடங்கியது. வேண்டுமென்றே செய்கிறான் என்று எண்ணி, ஒரு நண்பகலில், அப்போதுதான் அலசி வைத்த கடைசிக் கால்சட்டையும் அழுக்கானதைக் கண்டு, தொடையில் ஓங்கி அறைந்தேன். ஐந்து விரலும் பதிந்தன.

அன்று மாலை மதரஸாவில் சுத்தம் பற்றிய பாடம். ஒரு கிராமத்து அரபி நபியவர்களின் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழர்கள் பதறி எழுந்தபோது, அவரை விட்டுவிடுங்கள், இடையில் தடுக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும், அவர் முடித்த பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்ததையும், பின்னர் அவரிடம் மென்மையாக எடுத்துச் சொன்னதையும் விளக்கினேன். முன்வரிசையில் இருந்த ஏழு வயதுச் சிறுமி கேட்டாள்:

"டீச்சர், அவர யாருமே அடிக்கலியா?"

இல்லை என்றேன். பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பினேன்.

மறுநாள் மகனைத் தூக்கிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. அடக்கி வைக்கும் மலம் குடலிலேயே தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. இறுகியது வெளிவரும்போது வலிக்கிறது. வலிக்கு அஞ்சிப் பிள்ளை மேலும் அடக்குகிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, வருகிறது என்னும் உணர்வே மங்கிப்போகிறது. அந்த இறுகிய கட்டியைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசிகிறது. பிள்ளைக்கு அது தெரிவதே இல்லை. நான் அறைந்தது அவன் அறியாத ஒன்றிற்காக.

மலம் இளகுவதற்கு மருந்து எழுதித் தந்தார். இரண்டு மாதத்துக்குப் பழக்கும் முயற்சியையே கைவிடும்படி சொன்னார். குளிரில் பிள்ளைகள் தாகம் அறியமாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுக் கேட்டு வெந்நீர் கொடுக்க வேண்டும் என்றார். பழத்துக்கு நம் மலையில் பஞ்சமில்லை. கீழ்மலையிலிருந்து வரும் விருப்பாட்சி வாழைப்பழம் இரண்டு வேளையும் கொடுத்தேன். பேரிக்காய்ப் பருவம் வந்தபோது அதையும் தோலோடு கொடுத்தேன்.

இதற்கிடையில் ஹஜ்ஜுப் பெருநாளுக்காக என் மாமியார் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்தார்கள். ஆறு பிள்ளைகளை வளர்த்தவர்கள். நீல இருக்கையையும் சிவப்பு இருக்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தரையில் கால் நீட்டி அமர்ந்து, மகளைத் தம் பாதங்களின்மேல் முகம் பார்க்க உட்காரவைத்து, "ஸ்ஸ்..." என்று ஓசை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் எல்லோரும் செய்ததுதான். பின்பு எங்கள் கழிப்பறையை எட்டிப் பார்த்தார்கள். பெரியவர்கள் குந்தி அமரும் பீங்கான். சில்லென்ற சிமெண்டுத் தரை. மங்கலான விளக்கு.

"இவனுக்குப் பயம்மா. உள்ள விழுந்துருவோம்னு நெனைக்கிறான். காலு ரெண்டும் எட்டலையே, எப்படி உக்காருவான்?"

எட்டு மாதம் அந்த வீட்டில் இருந்தும் மூன்றடி உயரத்திலிருந்து அந்தக் குழியை நான் பார்த்ததில்லை. என் கணவர் அன்றே ஒரு பலகையில் சிறு துளையிட்டு, பாதம் ஊன்றி அமரும்படி செய்துகொடுத்தார். நாற்பது வாட் பல்பு மாறியது. கழுவுவதற்கு வெந்நீர் வைத்தோம். குளிர்ந்த நீர் பட்டதும் பிள்ளை துடித்துப்போவதை அதுவரை நான் பிடிவாதம் என்றல்லவா எண்ணியிருந்தேன்?

பிற்காலத்தில் இதுபற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல், 1,170 குழந்தைகளை ஆராய்ந்து, பிள்ளையின் உடலும் மனமும் ஆயத்தமாகும்வரை பொறுத்திருந்து பழக்குவதே நலம் என்று எழுதினார். அவர் பார்த்த பிள்ளைகள் சராசரியாக இரண்டேகால் வயதைத் தாண்டிய பிறகே பகலில் தேறினார்கள். 1977இல் வெளிவந்த வேறொரு ஆய்வு கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் டிகோ மக்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அங்கே தாய்மார்கள் பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையைத் தம் கால்களின்மேல் இருத்தி ஓசை கொடுத்துப் பழக்கி, ஆறு மாதத்துக்குள்ளாகவே பெரும்பாலும் ஈரமின்றி வைத்துக்கொள்கிறார்கள். படித்தபோது என் மாமியாரின் நீட்டிய கால்கள் நினைவில் வந்தன. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் தாயின் கண் அந்த ஒரு பிள்ளையின்மேல்தான் இருக்கிறது. நானோ இரண்டு பிள்ளைகளையும் ஒரு தராசின் இரு தட்டுகளில் ஏற்றிவிட்டு, முள்ளை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்?

பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள் என்னும் நபிமொழியை நான் அதுவரை ஒரே நிறையில் இரண்டு மிட்டாய் என்பதாகவே விளங்கி வைத்திருந்தேன். இருவருக்கும் ஒரே நேரம், ஒரே இருக்கை, ஒரே சட்டம் என்றால் நீதம் முடிந்தது என்று நினைப்பு. இப்போது இருவரையும் பிரித்தேன். மகள் காலையில் எழுந்ததும் என்னோடு, மகன் உணவுக்குப் பின் அவன் அத்தாவோடு. உண்டதும் குடல் அசையும். அதுவே ஏற்ற நேரம். அத்தா வாசலில் அமர்ந்து பேருந்துக் கதை சொல்வார். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மகளுக்குக் கைதட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அதில் அவளுக்குச் சற்று வருத்தம்தான்.

மருந்து நான்கு மாதம் வரை தொடர்ந்தது. இடையில் இருமுறை அவன் பழையபடி அடக்கினான். ஜூன் பிறந்தபோதும் முழுமையாகத் தேறவில்லை. பள்ளியில் ஒரு மாதம் தள்ளிச் சேர்த்தோம். ஆனால் மாசி மாதத்தில் ஒருநாள், வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருந்த ஃபஜ்ர் நேரத்தில், விரிப்பில் அமர்ந்திருந்த என் முதுகைத் தட்டி, "அம்மா, வருது" என்றான். சலாம் கொடுத்திருந்தேனா இல்லையா என்பது நினைவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். முடிந்ததும் தண்ணீரைத் தானே ஊற்றுவேன் என்று அடம்பிடித்தான். வாளி அவனைவிடக் கனம். பாதி என் பூட்டிவைத்த உடையின்மேல் ஊற்றினான்.

இரவு நனைவது வேறு கதை. ஆழ்ந்த உறக்கத்தில் மூளைக்குச் செய்தி எட்டுவது பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடும். ஐந்து, ஆறு வயது வரை நனைப்பது நோயன்று. எங்கள் வீட்டில் அதில் பின்தங்கியவள், பகலில் முந்திய மகள்தான். ஆறு வயது வரை நனைத்தாள். ஓரிரவு விளக்கைப் போட்டு எழுந்து பார்த்தேன். ஏழு வயது அண்ணன் அலமாரியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து அவளுக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "சொல்லாதீங்க, அவ தூங்குறா" என்றான். கம்பளி மட்டும் காய நான்கு நாள் ஆயிற்று.