பதிவில் இருந்த பெயர்

"இது யார் நம்பர்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார்." 2014-இல் மலாக்காவின் புக்கிட் காத்திலிலிருந்து வந்த ஓர் இளைஞர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நண்பர் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் நின்றிருந்தார், நண்பர் ஓடிவிட்டார். ஒரு பிரீபெய்ட் எண்ணிலிருந்து மலாயில் மிரட்டல் வந்துகொண்டிருந்தது. அம்மா வேலை செய்யும் இடம், தங்கை பள்ளி விடும் நேரம் எல்லாம் அதில் இருந்தன.

பிரீபெய்ட் எண்கள் எந்தத் தொலைபேசிப் புத்தகத்திலும் ஏறியதில்லை. 2006 முதல் ஐசி என்னும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்தால்தான் சிம் என்பதால், பெயர் நிறுவனத்திடம் இருக்கும். ஆனால் வழக்கறிஞர் கடிதத்துக்கு அது கிடைக்காது. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தடுக்கத்தான் வேண்டும். எனக்குத் தருகிற பெயரை ஆலோங்குக்கும் தரலாமே!

2012 நீதிமன்ற விதிகளில் 24-ஆம் கட்டளை 7ஏ விதிப்படி, வழக்குப் போடுமுன்பே எதிராளியை அறிய ஆவணம் கேட்கலாம். இங்கிலாந்தில் 1973-இல் வந்த நார்விச் பார்மகல் தீர்ப்பு இந்த வழியில் முன்னோடி. ஆனால் செலவு அதிகம். இன்னொரு வழி போலீஸ்: முகம் காட்டாமல் மிரட்டுவது தண்டனைச் சட்டம் 507-ஆம் பிரிவுக் குற்றம். விசாரணை அதிகாரி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51-ஆம் பிரிவில் எழுத்தாணை கொடுத்தால் நிறுவனம் பெயரைத் தந்தாக வேண்டும். போலீசில் ரிப்போர்ட் செய்யச் சொன்னேன்.

பெயர் வந்தது. ஜாசின் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு மூதாட்டி.

என் கட்சிக்காரர் கொதித்தார். 2012-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவைக் காட்டி வாதாடவும் இடமிருந்தது: யார் பெயரில் இணைப்போ அவரே செய்தியை வெளியிட்டவர் என்று கொள்ளலாம், இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு.

மூதாட்டியைப் போலீஸ் நிலையத்தில் பார்த்தேன். பிளாஸ்டிக் பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட பழைய போன். அதன் முதுகில் ஒட்டிய பிளாஸ்டரில் மகனின் எண். "பச்சைய அமுக்குனா பேசலாம், செவப்ப அமுக்குனா வச்சிரலாம். வேற ஒண்ணும் தெரியாது தம்பி." பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிம் வாங்கியபோது, முதலில் சரியாக விழவில்லை என்று கடைப் பையன் ஐசியை இரண்டாம் முறையும் வாங்கினானாம். அப்போதுதான் இன்னொரு சிம்மும் அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். அவருக்கு ஜெயில் பயம்கூட இல்லை. "ஐசியப் புடுங்கிருவாங்களா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். பல வருஷம் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு அலைந்து, குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கியவர். தோட்டத்துச் சனத்துக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும்.

இவர்மேல் வழக்கென்றால் வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கூச்சத்தில் அதுவரை காட்டாத ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண் அதில் இருந்தது. அதிகாரி அந்தத் தடத்தைப் பிடித்துப் போனதில் மலாக்கா நகரில் ஆள் சிக்கினார்.

அந்த எண் தன்னுடையதல்ல என்று மூதாட்டியும் தனியாக ஒரு ரிப்போர்ட் செய்தார், இணைப்பு வெட்டப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல மலாயில் எழுதிக் கொடுத்தது என் கட்சிக்காரர்தான்.