கட்டிலருகே ஒரு மேற்படிப்பு

மருத்துவத் துறையில் பிள்ளைகள் உயர வேண்டும் என்று நம்மவர் சொல்லும்போது, அவர்கள் உள்ளத்தில் இருப்பது எம்.பி.பி.எஸ். என்னும் ஒரே வாயில்தான். அது அடைபட்டால் மற்றதெல்லாம் "கிடைத்ததைப் படித்தாள்" என்ற கணக்கில் போய்விடுகிறது. செவிலியர் கல்வியும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பது எனக்கு வருத்தமே. இத்தனைக்கும் அக்கல்வியின் வரலாற்றில் நாம் வாழும் இத்தலைநகருக்குத் தனி இடம் உண்டு. செவிலியர்க்கான பட்டப்படிப்பு 1946இல் இந்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியது தில்லியிலும் வேலூரிலும்தான். ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கி நிற்கும் தில்லிக் கல்லூரியில் 1959இல் முதுநிலைப் படிப்பும் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் நான் அறிந்துகொண்டது என் தமக்கை மகளால். நெல்லைச் சீமையில் நான்காண்டுப் பட்டம் முடித்து, இங்குள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியேற்று, எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அவள் தந்தை இல்லாதவள். அவள் அனுப்பும் பணத்தில்தான் தம்பியின் படிப்பு நடந்தது. மூன்றாண்டு அனுபவத்திற்குப் பின் மேலே படிக்க வேண்டும் என்றாள். என்ன படிப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

எம்.எஸ்ஸி. நர்சிங் படித்தால் கல்லூரியில் ஆசிரியை ஆகலாம். மதிப்பான வேலை, இரவுப்பணி கிடையாது. தமக்கையின் விருப்பம் அதுவே. என் மனைவியோ இங்கிலாந்து என்றாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு மலையாளப் பெண்கள் ஆங்கிலத் தேர்வு எழுதிப் போய், ஊரில் வீடும் கட்டிவிட்டார்கள். (தில்லியில் செவிலி என்றாலே மலையாளம் பேசுவாள் என்று நாங்கள் நினைத்த காலம் ஒன்று உண்டு.) அவள் தேர்ந்ததோ மூன்றாவது வழி: தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் ஈராண்டு முதுநிலைப் படிப்பு.

அமெரிக்காவின் கொலராடோவில் 1965இல் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது இது. நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் இதற்குப் பாடத்திட்டம் வகுத்து இன்னும் நெடுங்காலம் ஆகவில்லை. பட்டமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி அனுபவமும் உடையவர்க்கே இடம். படிப்பின் பெரும்பகுதி வகுப்பறையில் அன்று, நோயாளியின் கட்டிலருகே நடப்பது.

"எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் வார்டிலிருந்து போய்விடுகிறார்கள், மாமா. வார்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே நான் படிக்க வேண்டும் என்கிறேன்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். இரவு இரண்டு மணிக்கு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் ஒருவருக்கு இரத்தத்தில் பிராணவாயு குறைவதை முதலில் காண்பவள் அவள். காரணம் சளி அடைப்பா, குழாய் நகர்ந்ததா, நுரையீரலில் வேறு கோளாறா என்று ஊகிக்கவும் அவளால் முடியும். ஆனால், உறுதியாகச் சொல்லும் படிப்பும், சொன்னால் செவிகொடுக்கப்படும் நிலையும் வேண்டும் என்பதே அவள் வாதம்.

நம் அகப்பாடல்களில் வரும் செவிலியை நினைத்துக்கொண்டேன். பெற்றவள் நற்றாய் எனினும், தலைவியின் நடையிலும் மேனியிலும் தோன்றும் மாறுதலைக் கண்டு கவலையுறும் உரிமை அவளுக்கும் உண்டு. நர்ஸ் என்பதற்கு இச்சொல்லைத் தேர்ந்தவர் நல்ல தமிழறிவுடையவராகத்தான் இருந்திருப்பார்.

இருப்பினும் நான் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலையை விட வேண்டும். கிடைக்கும் உதவித்தொகை சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. படித்து வந்தால் அப்பெயரில் பணியிடம் உண்டா என்று நான்கு மருத்துவமனைகளில் விசாரித்தேன். ஓரிடத்தில் அப்படியொரு பதவி இருப்பதாகவே அறிந்திருக்கவில்லை. மற்றோரிடத்தில், பழைய பதவியிலேயே சேர்த்துக்கொண்டு சிறிது கூட்டித் தருவோம் என்றார்கள். 1947ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டத்தின் இடத்தில் புதிய ஆணையம் அமைக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது நல்ல செய்திதான். ஆனால் படிப்பை வகுத்துவிட்டுப் பதவியை வகுக்காமல் விடுவது, பாலம் கட்டிவிட்டு அக்கரையில் பாதை போடாதிருப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி அவளிடம் தந்தேன். இரவுப்பணிக்குப் புறப்படும் அவசரத்தில் நின்றபடியே படித்தாள். "கணக்குச் சரிதான், மாமா. தம்பியின் கடைசி வருடக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்ட முடியுமா? வேலைக்கு வந்ததும் தந்துவிடுகிறேன்" என்றாள்.

கட்டினேன். தென்னகத்துக் கல்லூரி ஒன்றில் இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. அழைக்கும்போதெல்லாம் நுரையீரல் ஒலிகளைப் பற்றிப் பேசுகிறாள். சென்ற மாதம் தமக்கை தொலைபேசியில், "தம்பி, படித்து முடித்ததும் இவளை என்னவென்று சொல்வது? டாக்டரா, நர்ஸா?" என்று கேட்டாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு சொல் வேண்டுமாம். நர்ஸ் என்றே சொல்லுங்கள் அக்கா என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருவாயா என்று பேச்சை மாற்றினாள்.