முகத்துக்கும் ஒரு பஞ்சாங்கம்

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். வீடு குடி போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, புதுக் கார் வாங்க, எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிறோம். ஆனால் முகத்தில் திராவகம் பூசி மேல்தோலை உரித்துக் கொள்வதற்கு மட்டும் யாரும் நாள் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆபீஸுக்கு லீவு, அழகு நிலையத்தில் சலுகை விலை, புறப்படு என்று புறப்பட்டு விடுகிறார்கள். அன்று வயிற்றில் ஏதாவது இருக்கிறதா, அடுத்த நாலு நாள் வெயிலில் அலைய வேண்டியிருக்கிறதா என்ற யோசனையே கிடையாது.

விரதகாலத்தில் இந்த யோசனை இரட்டிப்பாக வேண்டும் என்பது எனக்கு 2025-ஆம் வருஷம் தெரிந்தது. எங்கள் எதிர் வீட்டில் கீழக்கரைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. 31-ஆம் தேதி பெருநாள். ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிக்காஹ். பெண் நன்றாகப் படித்தவள், கண்ணுக்கு லட்சணமானவள். ஆனால் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஓர் அம்மாள், "பொண்ணு தங்கம்தான், நெறம் மட்டும் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி விட்டுப் போயிருக்கிறாள். சொன்னவளுக்கு அது ஒரு நிமிஷத்துப் பேச்சு. கேட்டவள் அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு நாவலே எழுதி முடித்திருக்கலாம்.

விளைவு, ஓர் அழகு நிலையத்தில் 2000 ரூபாய் முன்பணம் கட்டி விட்டாள். மார்ச் 26, பகல் 12 மணி. முகத்துக்குக் கெமிக்கல் பீல். கூடவே நிறம் வெளுக்கக் க்ளூட்டதயோன் என்னும் மருந்தை டிரிப்பாக ஏற்றுவது. ஏன் பகல் 12 மணி என்றால், நோன்பு மாதத்தில் அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் இருக்காதாம்!

வீட்டில் தாயார் இல்லை. கல்யாண வேலையாகக் கீழக்கரை போயிருந்தாள். விஷயம் பாட்டியம்மாவின் காதுக்குப் போயிற்று. அவர் கேட்ட முதல் கேள்வி, "ஊசி ஏத்துனா நோம்பு முறிஞ்சு போயிடுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது. 1997-ல் மொராக்கோவில் வைத்தியர்களும் மார்க்க அறிஞர்களும் கூடி இதைப் பேசியிருக்கிறார்கள். தோல் வழியாக உள்ளே போகும் களிம்பு, தோலிலும் தசையிலும் இரத்தக் குழாயிலும் போடுகிற ஊசி இவற்றால் நோன்பு முறியாது. உணவுக்குப் பதிலாக இரத்தக் குழாயில் ஏற்றுவதுதான் முறிக்கும் என்பது அவர்களில் பெரும்பாலோருடைய கருத்து. எல்லா ஊர் ஆலிம்களும் ஒரே மாதிரி சொல்வார்கள் என்பதில்லை. பாட்டியம்மா தங்கள் பள்ளிவாசலில் விசாரித்துக் கொண்டு வந்தார்.

நோன்பு என்ன ஆகும் என்று கேட்டாயிற்று. பெண் என்ன ஆவாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் அவளை அழைத்துக் கொண்டு எனக்குத் தெரிந்த தோல் டாக்டரிடம் போனேன். டாக்டர் அம்மாள் அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

"ஏம்மா, காலையில் 5 மணிக்கு முன்னால் குடித்த தண்ணீர். பகல் 12 மணிக்கு முகத்தில் திராவகம். எரிச்சல் தாங்காமல் தலை சுற்றினால் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க முடியுமா உனக்கு? வலிக்கு மாத்திரை? சாயங்காலம் 6.20 வரைக்கும் பொறுத்துக்கொள் என்றா சொல்வது?"

பெண் பதில் சொல்லவில்லை.

"சரி, பொறுத்துக் கொண்டாய். வீட்டுக்குப் போய் என்ன செய்வாய்?"

"நோன்பு திறக்க வடை, சமோசா போடணும், டாக்டர்."

"கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், தோல் உரித்த முகத்தோடு!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக் கொண்டேன். டாக்டர் மேலும் கேட்டார். ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளு செய்ய வேண்டும், முகம் கழுவ வேண்டும். பீல் செய்த முகத்தை அன்று தேய்த்துக் கழுவக் கூடாது. தண்ணீர் ஆகாதவர்களுக்கு மண்ணைத் தொட்டு முகத்தில் தடவிக் கொள்ளும் தயம்மும் என்ற சலுகை மார்க்கத்தில் உண்டு. ஆனால் உரிந்த தோலில் மண்ணா? உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர்களுக்கு பீல் செய்யும்போது சில நாள் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் ஒரு நாளைக்குப் பல வேளை. பகலெல்லாம் வாய் கட்டியிருப்பவர்கள் எந்த வேளைக்கு விழுங்குவார்கள்?

இதெல்லாம் நோன்பைப் பற்றிய கணக்கு. தோலுக்கென்று வேறு கணக்கு இருக்கிறது. லேசான பீல் என்றாலும் இரண்டு மூன்று நாளில் உரியத் தொடங்கும். அடங்க ஒரு வாரம் ஆகலாம். கொஞ்சம் ஆழமாகப் போனால் பத்து நாள், இரண்டு வாரம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சூடோ புண்ணோ பட்டால், ஆறின இடம் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு மறைய மாதக் கணக்கில் ஆகும். வெளுக்கப் போய்க் கறுத்து வந்தவர்கள் தம்மிடம் வருவது உண்டு என்றார் டாக்டர். ஆகவே முதல் பீல் எப்போதும் வீரியம் குறைந்ததாக, விசேஷத்துக்குச் சில மாதம் முன்னாலேயே செய்து பார்க்க வேண்டியது. பிறகு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை. ஏப்ரல் கல்யாணத்துக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கி, நோன்பு பிறக்குமுன் முடித்திருக்க வேண்டும். மார்ச் 26-ல் தொடங்குவது, பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் வாங்குகிற கதைதான்.

போடாக்ஸ், ஃபில்லர் என்று முகத்தில் போடும் ஊசிகளைப் பற்றியும் நானே கேட்டேன். (எனக்காக அல்ல, நாற்பதைத் தாண்டிய சிநேகிதிகள் எனக்கு இருக்கிறார்கள்!) போடாக்ஸ் முழுதாக வேலை செய்யச் சுமார் இரண்டு வாரம். ஃபில்லர் போட்ட இடத்து வீக்கமும் நீலமும் வடிய அதே அளவு ஆகலாம். வெறும் வயிற்றோடும் உலர்ந்த நாக்கோடும் ஊசியைப் பார்த்தால் மயக்கம் போடுகிறவர்கள் அதிகம். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, ஒரு மணி நேரம் போன பிறகு, படுக்க வைத்துப் போட்டால் அந்தப் பயம் குறைவு. ஆனால் அவசரம் இல்லாதது பெருநாள் கழியும் வரை காத்திருக்கட்டும் என்பதே அவர் கட்சி.

டிரிப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நிறம் வெளுக்க வைப்பதற்கென்று க்ளூட்டதயோன் ஊசிக்கு நம் தேசத்தில் அனுமதி கிடையாது. பிலிப்பைன்ஸ் தேசத்து மருந்து நிர்வாகம் 2011-லேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. நோன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்து விட்டார்.

விரதம் என்றால் முகத்தைத் தொடவே கூடாது என்பதில்லை. வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன், தோல் வறளாமல் இருக்க ஒரு க்ரீம், இவை நோன்போடு சண்டைக்கு வருவதில்லை. புருவம் திருத்துவது, சாதாரண ஃபேஷியல் எல்லாம் ராத்தொழுகை முடிந்து சாவகாசமாகச் செய்து கொள்ளலாம். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்தாலே உதடு வெடிப்பது குறையும். என் வீட்டில் ஏகாதசி, சஷ்டி என்று நானும் இருப்பவள்தான். ஒரு நாள் விரதத்துக்கு மறுநாள் போய்க் கொள்ளலாம். ஒரு மாத நோன்புக்குத்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் அந்த மாதம் ஆங்கிலக் காலண்டரில் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து கொண்டே இருப்பது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பெண் கேட்டாள்: "அத்தே, அப்போ அந்த அம்மா சொன்னது?"

இதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "அந்த அம்மாவையா கட்டிக்கப் போறே? பையன் என்ன சொன்னான்?" என்றேன். பையன் ஒன்றும் சொல்லவில்லையாம். தினம் ராத்திரி, இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாய் என்று மட்டும் போனில் கேட்கிறானாம். அவள் முகம் அப்போது இருந்த நிறத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கதைகளில் நிறைய வர்ணித்தாயிற்று.

26-ஆம் தேதி அவள் போகவில்லை. கல்யாணம் முடிந்து ஜூன் மாதத்தில், காலையில் நாலு இட்டிலி சாப்பிட்டு விட்டு, அதே டாக்டரிடம் தானாகவே போய் லேசான பீல் ஒன்று செய்து கொண்டாள். கன்னத்தில் இருந்த பருவடுவுக்கு. அவளுக்கு அது வேண்டியிருந்தது, செய்து கொண்டாள். அழகு நிலையத்துக்குக் கட்டின 2000 ரூபாய்தான் இன்னும் திரும்பி வரவில்லை. பாட்டியம்மா மாதம் ஒரு முறை நேரில் போய்க் கேட்டு விட்டு வருகிறார்.