பட்டு மெத்தையும் பங்க் வகுப்பும்

*உல்லாசக் கப்பலின் சொகுசு அறையில் பணம் உண்மையில் எதை வாங்குகிறது? அந்தமானின் ரங்கத் படகுத்துறையில் காத்திருந்தபோது கிடைத்த விடை.*

ரங்கத் பே படகுத்துறையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தத் துறைக்கு பஸ்ஸிலும் ஜீப்பிலும் வந்து இறங்கியவர்கள், நிழல் இருந்த இடமாகப் பார்த்து மூட்டைகளை வைத்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கு மூட்டைகளுடன் இரண்டு வியாபாரிகள். கல்லூரி திறப்பதால் தலைநகருக்குப் போகும் இரு பெண்கள். கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பையன். பக்கத்தில் எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி அவன் தாய்.

என் மடியில் இருந்தவை வேறு ரகம். பளபளக்கும் தாளில் அச்சிட்ட ஐந்தாறு கப்பல் கம்பெனி விளம்பரப் புத்தகங்கள். சென்னை நண்பர் ஒருவருக்கு மணிவிழா வருகிறது. மனைவியோடு கப்பலில் போய்வர ஆசை. "வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போகப்போகிறோம். செலவைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஏமாறக் கூடாது. எந்தக் கப்பலில், எந்த அறையில், என்னென்ன தருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லி, புத்தகங்களைக் கையில் திணித்து அனுப்பியிருந்தார். படகு வரும்வரை படிக்க நேரம் தாராளமாக இருந்தது.

முதலில் கண்ணில் படுவது பெயர்கள். எந்தக் கம்பெனியும் 'முதல் வகுப்பு' என்று சொல்வதில்லை. பிரிட்டனின் க்யூனார்டு கம்பெனியில் 'க்வீன்ஸ் கிரில்', 'பிரின்சஸ் கிரில்', 'பிரிட்டானியா' என்று அடுக்குகள். நீங்கள் எடுக்கும் அறைதான் நீங்கள் சாப்பிடும் உணவகத்தையும் முடிவு செய்கிறது. நார்வீஜியன் கப்பல்களில் 'தி ஹேவன்'. அதற்கென்று தனி நீச்சல் குளம், தனி உணவகம், சாவி அட்டை இருந்தால் மட்டுமே திறக்கும் கதவு. எம்.எஸ்.சி. கம்பெனி 2008இல் 'யாட் கிளப்' என்று தொடங்கியது; இருபத்துநான்கு மணி நேரமும் அழைத்தால் வரும் பட்லர் உண்டு. ராயல் கரிபியன் கப்பல்களின் உச்ச வகுப்பில் பணிக்கு நிற்பவருக்குப் பெயரே 'ஜீனி'. அலாவுதீன் விளக்கைத் தேய்க்க வேண்டியதில்லை; பணம் கட்டினால் போதும்.

உச்சாணிக் கொம்பில் இருப்பது ரீஜென்ட் கம்பெனி. 2020இல் கடலுக்கு வந்த அதன் 'செவன் சீஸ் ஸ்ப்ளெண்டர்' கப்பலில் உள்ள ரீஜென்ட் ஸ்வீட் 4,443 சதுர அடி. சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் போட்டிருக்கும் ஸ்வீடன் கட்டிலின் விலை மட்டும் 2 லட்சம் டாலர். கப்பல் வந்த புதிதில் ஓர் இரவுக்கு வாடகை சுமார் 11,000 டாலர். ரூபாயில் ஒன்பது லட்சத்தைத் தாண்டும்.

நம் நாட்டுத் துறைகளிலிருந்தும் இந்த வாய்ப்பு வந்துவிட்டது. 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் பிறந்த கப்பலைத்தான் கார்டீலியா கம்பெனி 'எம்ப்ரஸ்' என்ற பெயரில் 2021இல் மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கியது. 2022இல் சென்னைக்கு வந்தது. மறு ஆண்டு சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அதிலும் ஜன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் அறை, ஸ்வீட் என்ற ஏணி உண்டு.

இந்த விலைகளை ஒப்பிடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு; அதுவும் இருவர் தங்கினால். ஒருவர் மட்டும் போனால் பல கம்பெனிகள் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொள்ளும். துறைமுக வரி, பணியாளருக்கான அன்பளிப்பு, இணைய வசதி, மது, கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு ஆகியவை ஒரு கம்பெனியில் கட்டணத்துக்குள் அடங்கும். இன்னொன்றில் பயணம் முடியும்போது தனி பில்லாக வரும். ரீஜென்ட் போன்றவை எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குவதால் விலை மலைப்பாகத் தெரிகிறது. மற்றவற்றில் அடிக்கட்டணம் சிறியது, வால் நீளம். மொத்தத் தொகையைக் கூட்டி, இரவுகளால் வகுத்துப் பார்த்தால்தான் நிஜ விலை தெரியும்.

அப்படிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். ரங்கத் கடைத்தெருவில் டீக்கடை வைத்திருக்கிறார். தகப்பனார் காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழுக்கு நடுவே இந்தியும் வங்காளமும் தாராளமாகப் புழங்குகிறது. ரங்கத்தில் அது சகஜம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய பகுதி இது. பஞ்சவடி, தசரத்பூர், ஊர்மிளாபூர் என்று சுற்றுப்புற ஊர்களுக்கு ராமாயணப் பெயர்கள். தமிழர்களும் கலந்தே இருக்கிறார்கள்; 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ்.

கட்டில் படத்தைக் காட்டி விலையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அதுல படுத்தா தலை சுத்தாதா சார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கப்பலின் ஆட்டம் மேல் தளங்களில்தான் அதிகம் தெரியும். நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகே ஆட்டம் குறைவு. சொகுசு அறைகள் பெரும்பாலும் உயரத்தில், காட்சி நன்றாகத் தெரியும் இடத்தில் இருப்பவை. அலை எழும்பும் நாளில் அதிகப் பணம் கொடுத்தவர் அதிகம் ஆடுகிறார்.

பெரியவருக்கு இந்த விஷயம் அனுபவத்தில் தெரியும். சென்னைக்கும் தீவுத் தலைநகருக்கும் இடையே கடல் வழியில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பலில் அறுபது மணி நேரத்தை ஒட்டிய பயணம். நான்கவ்ரி, நிகோபார், ஸ்வராஜ் த்வீப், கேம்ப்பெல் பே என்ற கப்பல் பெயர்கள் தீவுக் குடும்பங்களில் உறவினர் பெயர்போலப் புழங்குபவை. அவற்றிலும் வகுப்புகள் உண்டு. அடித்தளங்களில் பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள், இதுதான் பங்க். அதற்கு மேல் பலர் பகிர்ந்துகொள்ளும் இரண்டாம் வகுப்பு 'பி' கேபின். அடுத்தது முதல் வகுப்பு 'ஏ' கேபின். உச்சியில் குளியலறையோடு கூடிய இருவர் தங்கும் டீலக்ஸ். 2010களில் வெளியூர்க்காரருக்கு பங்க் கட்டணம் சுமார் 2,500 ரூபாய். டீலக்ஸ் பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே. சாப்பாட்டுக்குத் தனியே கட்ட வேண்டும். தீவுவாசி அடையாள அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அரசுக் கப்பலில் அடிவகுப்புக்கும் மேல்வகுப்புக்கும் வித்தியாசம் நான்கு மடங்கு. உல்லாசக் கப்பல்களில் உள்ளறைக்கும் உச்ச அறைக்கும் இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மேல்தளத்துக் காற்றும், கடலிலிருந்து எழும் சூரியனும், பறக்கும் மீன்களும் எல்லா வகுப்புக்கும் பொது.

கடலில் தமிழனுக்கு வகுப்பு புதிதல்ல. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926இலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜுலா' கப்பலில் கேபின் பயணிகள் ஒரு கைப்பிடி. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பாய் விரித்துப் போக அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையோ தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேல். கப்பலின் வருமானமும் காரணமும் அந்தப் பாய்களில்தான் இருந்தன. அந்தமான் கப்பலும் அந்த வம்சம்தான். உல்லாசக் கப்பலின் கணக்கு வேறு. அங்கே பயணமே சரக்கு. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

"ரூம்ல என்னென்ன இருக்குன்னு நீங்க பாக்குறீங்க சார். நாங்க டிக்கெட் இருக்கா, போட் இருக்கான்னுதான் பாப்போம்" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் ரங்கத்தின் நிலைமை அடங்கிவிடுகிறது. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. ஆனால் ரங்கத்துக்காரர்கள் இன்றும் 'பிளேர்' என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியான ஜி.பி. பந்த் மருத்துவமனை அங்கேதான். அங்கே போக இரண்டு வழி. ஒன்று கடல். இன்னொன்று அந்தமான் டிரங்க் ரோடு, ஏறக்குறைய 170 கிலோமீட்டர்.

சுற்றுலாக்காரர்கள் திரளும் ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குத் தனியாரின் குளிர்சாதன விரைவுப் படகுகள் ஓடுகின்றன. மக்ருஸ், நாட்டிகா போன்ற அந்தப் படகுகளிலும் பிரீமியம், டீலக்ஸ், ராயல், லக்ஷரி என்று வகுப்புகள். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு ராயல் இருக்கை எதற்கு என்று கேட்கலாம். அகலமான நாற்காலி, கூட்டம் குறைந்த பகுதி, அதிகக் கண்ணாடி. வித்தியாசம் அவ்வளவே. ரங்கத் பயணியின் பிரதான நம்பிக்கையோ அரசுப் படகுதான். காற்று வலுத்துக் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுவிடும்.

படகு இல்லையென்றால் பஸ். இங்கேதான் விஷயம் ரங்கத்தைத் தாண்டிப் போகிறது. நான் வந்த வழி அதுதான். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும். குறித்த நேரத்தில் மட்டும் போலீஸ் காவலோடு கூட்டமாகப் புறப்படும். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காரணம், இரு பக்கமும் இருப்பது ஜாரவா பழங்குடியினரின் காடு. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காப்பகம். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். இந்தச் சாலை வழியாக நோயும் புகையிலையும் வேடிக்கை பார்ப்பவர்களும் உள்ளே போனார்கள். உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆட வைத்த வீடியோ 2012இல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. காப்பகப் பகுதியில் சாலையை மூடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது அதற்கும் பத்து ஆண்டு முன்பு, 2002 மே மாதம். சாலை மூடப்படவில்லை.

மூடினால் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் மக்கள் எப்படிப் போவது என்பதுதான் எதிர்க்கேள்வி. அதுவும் நியாயமே. மாவுக்கட்டுப் போட்ட பையனின் தாயிடம் காட்டுவாசிகளின் உரிமையைப் பற்றிப் பேசிவிட்டு நகர முடியாது. அவளுக்கு வேண்டியது நாளும் வேளையும் தவறாத ஒரு படகு. அது இருந்தால் சாலைக்குத் தேவை குறையும். கடலில் குறையும் ஒவ்வோர் இருக்கையும் காட்டுக்குள் போகும் பஸ்ஸில் ஓர் இருக்கையாக முளைக்கிறது. தீவுகளுக்குப் பெரிய கப்பல்களையும் சொகுசு விடுதிகளையும் வரவழைக்கும் திட்டங்களைப் பேசுபவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த எளிய கணக்கைத்தான்.

மடியில் இருந்த புத்தகங்களை மறுபடி புரட்டினேன். பட்லர், கட்டில், தனிக் கதவு, தனிக் குளம். எல்லாக் கம்பெனியும் எல்லா ஸ்வீட்டுக்கும் பொதுவாகத் தரும் சலுகை ஒன்று இருந்தது: வரிசையில் நிற்காமல் முதலில் ஏறலாம், முதலில் இறங்கலாம். மற்றதெல்லாம் அலங்காரம். பணம் முக்கியமாக வாங்குவது காத்திருக்காமல் இருக்கும் உரிமையை.

படகு தூரத்தில் தெரிந்ததும் துறை முழுவதும் எழுந்து நின்றது. மூட்டைகள் தலைக்கு ஏறின. நெரிசல் தொடங்கியது. ஆனால் படகு அணைந்து பலகை போட்டபோது முன்னால் நின்ற வியாபாரி மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு, பின்னால் திரும்பி இந்தியில் ஏதோ சத்தம் போட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாவுக்கட்டுப் பையனும் தாயும் முதலில் ஏறினார்கள். அதன் பிறகே பாக்கு ஏறியது.

அன்று இரவு நண்பருக்குப் போன் செய்தேன். ஸ்வீட் வேண்டாம் என்றேன். நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஜன்னல் உள்ள சாதாரண அறையை எடுங்கள். தலையும் சுற்றாது, பையும் கிழியாது. கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு முறை அந்தமான் வரலாம். ஆம்குஞ்ச் கடற்கரையும், தானி நல்லா அலையாத்திக் காட்டின் மர நடைபாதையும், ஆமைகள் முட்டையிட வரும் கத்பர்ட் பேயும் ரங்கத்தைச் சுற்றியே இருக்கின்றன என்றும் சொன்னேன்.

"சாலை வழியாகவா, படகிலா?" என்று கேட்டார்.

"படகில்."

"எங்களுக்கு இடம் கிடைக்குமா?"

"ஊர்க்காரர்கள் ஏறிய பிறகு பார்க்கலாம்" என்றேன்.