நீலப் பூவும் புல்லும்

வசந்த காலத்தில் ஸ்ரீநகருக்குப் போகிறவர்கள் யாவரும் டூலிப் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஜபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்தைப் பற்றி நாம் யாதொரு குறையும் சொல்லப் போவதில்லை; சொல்லவும் முடியாது. ஏனெனில் நாம் அதைப் பார்க்கவே இல்லை. நாம் போய்ச் சேர்ந்தது மே மாதத்தின் முதல் வாரம். டூலிப் பருவம் அதற்குள் முடிந்துவிட்டது.

நமது ஏமாற்றத்தைக் கண்டு வண்டிக்காரர் மனம் இளகினார். "பூதானே பார்க்க வேண்டும்? மயானத்துக்குப் போவோம், வாருங்கள்" என்றார். நம் சகதர்மிணி திடுக்கிட்டாள். ஆயினும் வண்டி கிளம்பிவிட்டது.

ஹரி பர்வதம் என்னும் குன்றின் அடியில், அக்பர் காலத்துக் கோட்டை மதிலுக்குச் சமீபத்தில், மல்காஹ் என்ற மிகப் பழைய இடுகாடு பரந்து கிடக்கிறது. அங்கே கல்லறைகளின் மேலும் இடுக்குகளிலும் ஐரிஸ் பூக்கள் ஆயிரமாயிரமாய் நின்றன. பெரும்பாலும் ஊதா, நடுநடுவே தூய வெண்மை. வாளைப் போன்ற இலைகள். உயர்ந்த தண்டின் நுனியில் மூன்று இதழ்கள் மேல் நோக்கிக் குவிய, மூன்று இதழ்கள் கீழே தொங்குகின்றன. தொங்கும் இதழின் நடுவில் மெல்லிய தாடி போன்ற மயிர்வரிசை ஒன்று உண்டு. மண்ணுலகுக்கும் தேவருலகுக்கும் தூது சென்ற வானவில் தேவதையின் பெயரைக் கிரேக்கர்கள் இதற்கு இட்டார்கள். காஷ்மீரிகளோ இடுகாட்டைக் குறிக்கும் சொல்லையே சேர்த்து, மஜர்முண்ட் என்கிறார்கள். இரண்டு பெயர்களுக்கும் பொருத்தம் இல்லாமல் இல்லை.

வெள்ளை ஜாதிக்கு, பேக்கர் என்ற ஆங்கிலத் தாவர நூலார் 1877-இல் காஷ்மீரத்தின் பெயரையே வைத்தார். கேம்பிரிட்ஜில் உடலியல் பேராசிரியராயிருந்த ஸர் மைக்கேல் பாஸ்டர் அதை வாங்கி வளர்த்துப் புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். மேல்நாட்டுத் தோட்டங்களில் பெருமையுடன் காட்டப்படும் பெரிய வெள்ளை ஐரிஸ்கள் பலவற்றின் மூதாதையரில் நமது காஷ்மீரச் செடியும் ஒன்று. விலைப் பட்டியல்களில் அந்த வமிசாவளியைத் தேடுவது வீண். போகட்டும். பாம்பூர் வயல்களில் ஐப்பசி வாக்கில் பூக்கும் குங்குமப்பூவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னதும், நம் வீட்டம்மாளுக்கு இந்தப் பூவின் மேல் மதிப்பு ஒரு படி உயர்ந்தது.

கல்லறையில் ஏன் இதை நடுகிறார்கள்? காரணம் எளிது. புதிதாகக் குவித்த மண் மழையிலும் பனி உருகும்போதும் கரைந்துவிடும். ஐரிஸின் கிழங்கு இஞ்சியைப் போல் மண்ணின் மேற்பரப்பிலேயே கிளை விட்டுப் பின்னி, மண்ணைப் பிடித்துக் கொள்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடுகளும் வாய் வைப்பதில்லை. மண்மேட்டில் நீர் தங்காமல் வழிந்துவிடுவது செடிக்கும் அனுகூலமே. ஆகவே, நட்டவர்கள் மறந்தாலும் அது பூக்கும் என்று நாம் அபிப்பிராயப்பட்டோம்.

அது எவ்வளவு பிசகு என்பதை ஒரு பெரியவர் காட்டினார். எழுபது வயதிருக்கும். ஒரு கல்லறையின் அருகே குந்தி உட்கார்ந்து விரல்களால் புல்லைப் பிடுங்கிக் கொண்டிருந்தார். அது அவருடைய மனைவியின் கல்லறை. வண்டிக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார். கிழங்கின் முதுகில் வெயில் படவேண்டுமாம். புல் மூடினால் ஈரம் நின்று கிழங்கு அழுகும்; பூ நின்றுவிடும். களைக்கொட்டு உதவாது, கிழங்கு வெட்டுப்படும். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கையால்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஒரு கொடி. அதன் வெள்ளை வேர் கிழங்குகளுக்கிடையே நூலாய் ஓடுகிறது. இழுத்தால் அறுந்து, அறுந்த துண்டெல்லாம் தனிக்கொடியாகிறது. நான்கைந்து வருஷத்துக்கொரு முறை, பூ முடிந்தபின் கோடையில், புதரைக் கிளப்பி நடுவிலுள்ள கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்துக் கன்றுகளின் இலையைப் பாதியாய் நறுக்கி, கிழங்கின் மேல்புறம் தெரியும்படி நட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வழுக்கை விழும். களை அந்த வழுக்கையில்தான் முதலில் குடியேறும்.

பக்கத்துக் கல்லறையில் முழங்கால் உயரம் புல். பூவே இல்லை. "அவர்கள் பிள்ளைகள் ஊரில் இல்லை" என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, "என் பிள்ளையும் வெளியூரில்தான் இருக்கிறான்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்தே கொடி இங்கே நுழைவதால், அந்தக் கல்லறையிலும் ஒரு சாண் அகலம் அவரே களை எடுத்து வைத்திருந்தார்.

சும்மா நிற்பது நன்றாயில்லை என்று நாமும் குனிந்து ஒரு பிடி புல்லை வேகமாய் இழுத்தோம். வந்தது புல் அல்ல. ஒரு இளம் ஐரிஸ் கன்று, கிழங்கோடு. நமக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் சிரித்தார். புல்லுக்குத் தண்டு உருண்டை. இதற்கு இலைகள் விசிறி மடிப்பாய்த் தட்டையாய் ஒன்றையொன்று தழுவி நிற்கும் என்று தடவிக் காட்டினார். பிறகு கன்றை நம் சகதர்மிணியிடம் நீட்டி, "மகளே, உங்கள் ஊருக்கு எடுத்துப் போ" என்றார்.

அவள் அதை முந்தானையில் வைத்துக் கொண்டாள். சென்னையில் மாடித் தொட்டி ஒன்று காலியாக இருப்பது அவளுக்கு அப்போதே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உங்கள் ஊரில் குளிர் காலத்தில் பனிக்கட்டி விழுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"மார்கழியில் விடியற்காலை கொஞ்சம் சில்லென்றிருக்கும்" என்றோம்.

அவர் தலையை அசைத்தார். குளிர் காலம் முழுவதும் உறங்கி எழுந்தால்தான் பூ. இல்லையேல் சில காலம் இலை விடும், அவ்வளவுதான் என்றார்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு முந்தானையிலிருந்து கன்றை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். பெரியவர் பையிலிருந்த கத்தியால் இலையை நறுக்கினார். மனைவியின் கல்லறையில்தான் மறுபடி நடுவார் என்று நினைத்தோம். அவர் பக்கத்துக் கல்லறையை நோக்கித் திரும்பி, களை நீக்கிய அந்த ஒரு சாண் மண்ணில், கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி அதை வைத்து, இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினார்.